இனிஷியல் இல்லாத பெயர்கள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் மென்பொருள் வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர் முதல் நாளில் நிரல் எதுவும் எழுதுவதில்லை. மடிக்கணினி கைக்கு வரும். கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார்கள். பிறகு பக்கத்து இருக்கைக்காரர் சாட்டில் ஒரு சின்ன செட்டிங்ஸ் கோப்பை அனுப்பி, "இத அப்படியே போட்டுக்கோங்க" என்பார். நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அதையே அனுப்பியும் வைத்தேன். அதில் இருந்தவை மூன்று வரிகள். முதல் வரி எங்கள் நிறுவனத்தின் உள்கிடங்கு. இரண்டாவது, வெளிநாட்டு வாடிக்கையாளர் எங்களுக்காகத் திறந்துவிட்ட அவர்களுடைய கிடங்கு. முகவரியின் நடுவே நீளமாக ஒரு டோக்கன். மூன்றாவது, ஊருக்கெல்லாம் பொதுவான பைத்தான் கிடங்கு, பைபிஐ. ஒரு பேக்கேஜ் வேண்டுமென்று கட்டளை கொடுத்தால் கணினி மூன்று இடத்திலும் தேடி எடுத்துவரும். எதை எங்கிருந்து எடுத்துவந்தது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பெரிய நிறுவனம் ஒவ்வொன்றும் இன்று தனக்கென்று ஒரு கருவிப் பட்டியல் வைத்திருக்கிறது. பில் போடும் நூலகம், உள்நுழைவுக்கான துணுக்கு, சர்வரை ஒரே சொடுக்கில் நிறுவித் தரும் வார்ப்புரு, பரிசோதித்து அனுமதித்த வெளிக் கருவிகள் என்று எல்லாம் அதில் இருக்கும். வீட்டுப் பரண் மாதிரி அது வீட்டுக்காரர்களுக்கு மட்டும். ஆனால் கிளை நிறுவனம், ஒப்பந்ததாரர், கூட்டு ஆய்வில் இருக்கும் பல்கலைக்கழகம் என்று வெளியாட்களும் அந்தப் பரணில் கை வைக்க வேண்டியிருக்கிறது. பரணைத் திறந்துவிடுவது தொழில்நுட்பமாகப் பத்து நிமிட வேலை. திறக்கும்போது கருவிகளோடு சேர்ந்து என்னென்ன கைமாறுகின்றன என்பதுதான் கேள்வி. பெயர் வைக்கும் உரிமை, மாற்றும் உரிமை, திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகிய மூன்றும் கைமாறுகின்றன என்பது என் கணிப்பு. அவற்றில் முதலாவதை அனேகமாக யாரும் ஒப்பந்தத்தில் எழுதுவதே இல்லை.

நிறுவனங்கள் கருவிகளைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் இணையத்தைவிட மூத்தது. 1955 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில், ரேண்ட் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. வந்தவர்களில் பலர் விமானக் கம்பெனிகளின் கணினிப் பிரிவுக்காரர்கள். லாக்ஹீடும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சந்தையில் ஒன்றின் கழுத்தை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தவை. ஆனால் எல்லோருக்கும் வரப்போகும் இயந்திரம் ஒன்றே: ஐபிஎம் 704. முந்தைய 701 இயந்திரத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் சைன் அட்டவணை போடும் நிரலிலிருந்து அச்சடிக்கும் நிரல் வரை தனித்தனியாக எழுதிச் சலித்திருந்தது. ஒரே வேலையைப் பதினேழு இடத்தில் பதினேழு பேர் செய்வானேன் என்றுதான் கூடினார்கள். அமைப்புக்கு வைத்த பெயர் ஷேர்.

ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுத்து அனுப்பும் வேலையை ஐபிஎம் பார்த்துக்கொள்ளும். எனக்கு இதில் சுவாரசியமானது பெயர் வைத்த விதம். உறுப்பு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்துக் குறியீடு கொடுத்தார்கள். நிரலின் பெயர் அந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்கும். யுனைடெட் ஏர்கிராஃப்ட் கம்பெனியில் ராய் நட் எழுதிய அசெம்ப்ளர், 'யுஏ' என்ற முன்னெழுத்தோடு 'யுஏ சாப்' என்றே வலம்வந்தது. 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கனும் சேர்ந்து எழுதிய முறைமைக்கு 'ஜிஎம்-என்ஏஏ' என்று இரண்டு வீட்டு எழுத்துகளும் முன்னால் நின்றன. இயங்குதளம் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடிகளில் ஒன்று அது.

நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் எஸ். கார்த்திக், எம். கார்த்திக், ஆர். கார்த்திக் என்று வாத்தியார் பிரித்துவிடுவார். இனிஷியல் அழகுக்காக வைப்பதில்லை. இந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை, ஏதாவது ஆனால் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கான விடை அந்த ஒற்றை எழுத்தில் இருக்கிறது. ஷேரில் நிரலோடு கூடவே, எழுதியவர் சோதித்துப் பார்த்தார், ஆனாலும் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்ற பொருளில் ஒரு பொறுப்புத்துறப்பும் போனது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னார்கள். பிள்ளை செய்வதற்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். காகிதத்தில் எழுதியிருந்ததால் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அறுபத்தைந்து ஆண்டு கழித்து, அந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டதன் விலையை உலகம் பார்த்தது.

அலெக்ஸ் பிர்சான் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பரிசு வாங்கும் ஆய்வாளர். 2020 கோடையில் அவரும் நண்பர் ஜஸ்டின் கார்ட்னரும் பேபால் நிறுவனத்தின் அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பேபாலின் உள்பயன்பாட்டுக்கான நிரல்கோப்பு ஒன்று கிட்ஹப்பில் கிடந்தது. அதில் வழக்கமான மளிகைப் பட்டியல்: இந்த நிரல் ஓட இந்தந்தப் பேக்கேஜ் வேண்டும். சில பெயர்கள் என்பிஎம் என்ற பொதுக்கிடங்கில் இருந்தன. சில அங்கே இல்லை. அவை பேபாலின் பரணுக்குள் மட்டும் இருப்பவை. அங்கேதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. பொதுக்கிடங்கில் அதே பெயரில் நானே ஒன்றைப் போட்டுவைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். உள்கிடங்கில் 'பில்லிங்-உதவி' என்று ஒரு பேக்கேஜ், பதிப்பு 1.4.2. வெளியே ஒருவர் அதே பெயரில், பதிப்பு 99.0.0 என்று எண் போட்டு ஒன்றை ஏற்றுகிறார். பைத்தானின் பிப் கருவியிடம் 'கூடுதல் கிடங்கு' என்று இரண்டாவது முகவரி ஒன்றைக் கொடுத்திருந்தால், அது முதல் முகவரி, இரண்டாவது முகவரி என்று வித்தியாசம் பாராட்டுவதில்லை. இரண்டிலும் கிடைத்ததை ஒரே தட்டில் கொட்டி, எண் பெரியதை எடுத்துக்கொள்கிறது. 99 பெரியது, அதுவே உள்ளே வருகிறது. 'முருகன் ஸ்டோர்ஸில் வாங்கி வா' என்று பையனை அனுப்பினால் எந்த ஊர், எந்தத் தெரு முருகன் ஸ்டோர்ஸ் என்று அவன் திருப்பிக் கேட்பான். கணினி கேட்கவில்லை. பெரிய போர்டு மாட்டியிருந்த கடைக்குள் நுழைந்துவிட்டது.

பிர்சான் தன் போலிப் பேக்கேஜில் கெடுதல் செய்யும் நிரல் எதையும் வைக்கவில்லை. நிறுவப்பட்டதும் அந்த இயந்திரத்தின் பெயர், பயனர் பெயர், கோப்புறைப் பாதை ஆகியவற்றை டிஎன்எஸ் கேள்விக்குள் ஒளித்து அவருக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். 2021 பிப்ரவரி 9 அன்று முடிவுகளை வெளியிட்டார். ஆப்பிள், மைக்ரோசாப்ட், டெஸ்லா, ஊபர் உள்பட முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உட்கணினிகளிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஷாப்பிஃபை நிறுவனத்தின் பில்ட் முறைமை, அவர் ஏற்றிய ரூபி பேக்கேஜைச் சில மணி நேரத்துக்குள் தானாக எடுத்து நிறுவிக்கொண்டது. பரிசுத்தொகை மொத்தம் 1,30,000 டாலரைத் தாண்டியது. யாரும் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை, எந்தச் சுவரையும் ஏறிக் குதிக்கவில்லை. கதவு எதுவும் திறந்துகிடக்கவும் இல்லை. ஒரு பெயரை வெளியே பதிவு செய்தார், அவ்வளவே.

இதைப் படித்த நாளில் நான் அந்த மூன்று வரிக் கோப்பைத் திறந்து பார்த்தேன். பிர்சான் சொன்ன அதே அமைப்பு. எங்கள் நிலைமை ஒரு படி மோசம் என்றும் புரிந்தது. ஒரே நிறுவனம் என்றால் பரணில் உள்ள பெயர்களைப் பொதுக்கிடங்கில் முன்கூட்டிப் பதிந்துவைத்து அடைத்துவிடலாம். இரண்டு நிறுவனங்களின் பரண்கள் ஒரே கோப்பில் சேரும்போது, எங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பெயர் எங்களுக்குத் தெரியாது. 'காமன்-யூட்டில்ஸ்' என்ற பெயரில் எங்களிடம் ஒன்று இருந்தது. அவர்களிடமும் ஒன்று இருந்தது. உலகத்தில் எந்த நிறுவனத்தில்தான் இல்லை! எங்கள் பதிப்பு எண் சின்னதாக இருந்தால் அவர்களுடையது வரும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலேயே தவறான கருவி ஓடும்.

தெரிந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் தினமும் புழங்கும் பைடார்ச்சின் இரவுப் பதிப்பை லினக்ஸில் பிப் வழியாக நிறுவியவர்களுக்கு அதேதான் நடந்தது. பைடார்ச் தன் சொந்தக் கிடங்கில் 'டார்ச்ட்ரைட்டன்' என்ற துணைப் பேக்கேஜை வைத்திருந்தது. அதே பெயரில் பைபிஐயில் ஒருவர் போலியை ஏற்றினார். போலிதான் இறங்கியது, இந்த முறை அது கணினியிலுள்ள ரகசியச் சாவிகளை வாரிக்கொண்டு போனது. குழுவினர் செய்த பரிகாரத்தைக் கவனிக்க வேண்டும்: பேக்கேஜின் பெயரை 'பைடார்ச்-ட்ரைட்டன்' என்று மாற்றி, அந்தப் பெயரைப் பைபிஐயிலும் பதிந்துவைத்தார்கள். இனிஷியல் போட்டார்கள்.

சில மொழிக்காரர்கள் தொடக்கத்திலிருந்தே இதில் விவரமாக இருந்தார்கள். ஜாவா உலகத்தில் பேக்கேஜின் பெயர், நிறுவனத்தின் இணைய முகவரியைத் திருப்பிப் போட்டுத்தான் தொடங்கும். கோ மொழியில் பெயரே முகவரி. பைத்தானும் என்பிஎம்மும் தட்டையான பெயர்களில் வளர்ந்தவை; என்பிஎம்மில் நிறுவன முன்னொட்டு பின்னால் வந்து சேர்ந்தது, போடுவதும் போடாததும் அவரவர் விருப்பம். பைத்தான் பக்கம் டொனால்ட் ஸ்டஃப்ட் 2023-இல் 708 என்ற எண்ணுள்ள முன்மொழிவை எழுதினார். ஒரே பெயர் இரண்டு கிடங்கில் தென்பட்டால், இரண்டும் ஒரே பொருள்தான் என்று கிடங்குகளே அறிவித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுவும் கருவி மறுத்துவிட வேண்டும். என் பார்வையில் சரியான வழி இதுதான். சந்தேகம் வந்தால் நின்று கேட்பது. 2024-இல் வந்த யுவி என்ற புதுக் கருவி இன்னும் முரட்டுத்தனமாக யோசித்தது: ஒரு பெயர் எந்தக் கிடங்கில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே தேடலை நிறுத்திவிடும், அடுத்த கடைக்குப் போகாது.

கோ மொழியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 2019 செப்டம்பரில் வந்த 1.13 பதிப்பிலிருந்து, எந்த நிரல்தொகுதி கேட்டாலும் கருவி முதலில் கூகுள் நடத்தும் பொது இடைத்தரகரிடம் கேட்கும். சரிபார்ப்பதற்கும் ஒரு பொதுப் பேரேட்டைப் புரட்டும். தனியார் நிரல்தொகுதி அங்கே இருக்காது, 'இல்லை' என்று பதில் வரும். ஆனால் கேட்டது கேட்டதுதான். இன்ன நிறுவனத்தில் இன்ன பெயரில் ஒரு திட்டம் நடக்கிறது என்ற சேதி அந்தக் கேள்வியிலேயே வெளியே போய்விடும். இன்னும் அறிவிக்காத கூட்டு முயற்சிக்குப் பங்காளியின் பெயரை வைத்துத் திட்டப் பெயர் போட்டிருந்தால்? அதனால்தான் இந்த முகவரிகளைப் பற்றி வெளியே வாயைத் திறக்காதே என்று சொல்ல 'கோபிரைவேட்' என்றொரு அமைப்பைக் கூடவே கொடுத்தார்கள். வாடிக்கையாளரின் கிடங்கைப் பகிரும் ஒப்பந்ததாரர்களில் எத்தனை பேர் இதில் வாடிக்கையாளரின் முகவரியையும் சேர்க்கிறார்கள் என்று கேட்டால், நான் பார்த்த இடங்களில் பதில் சங்கடமானது.

பெயருக்கு அடுத்தது சாவி.

உபுண்டு அல்லது டெபியன் வைத்திருப்பவர்கள் வெளியாரின் மென்பொருளை நிறுவ 'ஆப்ட்-கீ ஆட்' என்ற கட்டளையை எத்தனையோ முறை அடித்திருப்பார்கள். வெளியாரின் கிடங்குச் சாவியை நம் கணினியின் சாவிக்கொத்தில் கோர்க்கும் கட்டளை அது. சிக்கல் என்னவென்றால், கொத்தில் கோர்த்த சாவி எதுவும் எல்லாக் கதவுக்கும் செல்லும். சாட் மென்பொருள் நிறுவச் சாவி கொடுத்த கம்பெனி, அதே சாவியால் கையெழுத்திட்டு இயங்குதளத்தின் மையப் பகுதியையே மாற்றி அனுப்பினாலும் கணினி ஏற்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி கேட் சாவி கொடுத்தோம், அது பீரோவையும் திறக்கிறது! அதனால் ஆப்ட்-கீயைக் கைவிட்டு, இந்தச் சாவி இந்தக் கிடங்குக்கு மட்டும் என்று கிடங்கின் வரியிலேயே 'சைன்டு-பை' என்று எழுதும் முறைக்கு மாறினார்கள். பழைய கட்டளையை இன்றும் சொல்லித்தரும் வழிகாட்டிகள் ஏராளம்.

இதை முழுமையாக யோசித்தது டஃப் என்ற கட்டமைப்பு. 2010-இல் ஜஸ்டின் காப்போஸும் டார் திட்டத்தைச் சேர்ந்தவர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதன் அடித்தளம். சாவி ஒருநாள் திருட்டுப் போகும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு, அன்றைக்கும் பிழைத்துக்கிடக்க என்ன வழி என்று கேட்ட கட்டுரை அது. ஒரே சாவிக்கு எல்லா அதிகாரமும் தராமல், தலைமைச் சாவி, பொருளுக்குக் கையெழுத்திடும் சாவி, இது புதியதுதானா என்று சொல்லும் நேரச் சாவி என்று பிரித்தார்கள். முக்கியமானவற்றுக்கு ஐந்தில் மூன்று பேர் கையெழுத்து என்பதுபோல் எண்ணிக்கை வைக்கலாம். நிறுவனங்களுக்கிடையே பகிர்வதற்கு இதில் தோதானது, அதிகாரத்தைப் பெயர் எல்லையோடு பிரித்துக் கொடுக்கும் வசதி. 'இந்த முன்னொட்டில் தொடங்கும் பெயர்களுக்கு மட்டும் உங்கள் கையெழுத்து செல்லும்' என்று எழுதிவிடலாம். பங்காளியின் சாவி திருட்டுப் போனாலும் சேதம் பங்காளியின் அறையோடு நிற்கும். இனிஷியலுக்கும் சாவிக்கும் அங்கே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். அவசரத்தில் இருக்கிறவர்கள் டோக்கனைச் சாட்டில் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேகக் கணிமைக் கம்பெனிகள் இந்த அவசரத்தைப் புரிந்துகொண்டு பகிர்வதைப் பொத்தான் ஆக்கின. அமேசானின் சர்வீஸ் கேட்டலாக் 2015-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நிறுவனம் தான் அங்கீகரித்த வார்ப்புருக்களை ஒரு தொகுப்பாக்கி, இன்னொரு கணக்கின் எண்ணைக் கொடுத்துப் பகிரலாம். அதன் விதிகளை வாசித்தால், வடிவமைத்தவர்கள் சிலவற்றைத் தெளிவாக யோசித்திருப்பது தெரிகிறது. பெறுகிறவர் பொருளைத் திருத்த முடியாது. தருகிறவர் புதுப் பதிப்பு போட்டால் பெறுகிறவரிடம் தானாகப் போய்ச் சேரும். ஆனால் யார் பயன்படுத்தலாம் என்ற அனுமதி கூட வராது. பெறுகிற நிறுவனம் தன் ஆட்களுக்குத் தானேதான் அனுமதி தர வேண்டும். என் வீட்டுப் பொருள், உன் வீட்டில் யார் தொடலாம் என்பது உன் முடிவு. நியாயமான பிரிவினை.

பிறகு வசதிக்காக ஒன்று சேர்த்தார்கள். ஒரே அமைப்புக்குள் நூற்றுக்கணக்கான கணக்குகள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றிலும் போய் அனுமதி எழுத வேண்டியிருந்தது. ஆகவே அனுமதி பெற்ற பதவியின் பெயரையும் சேர்த்துப் பகிரலாம் என்றார்கள். 'டெவலப்பர்' என்ற பெயருள்ள பதவிக்கு இங்கே அனுமதி என்றால், பெறும் கணக்கில் அதே பெயருள்ள பதவிக்கும் அனுமதி. அமேசானின் சொந்த ஆவணமே இதற்கு எச்சரிக்கை தருகிறது: பெறும் கணக்கில் புதுப் பதவி உருவாக்க முடிந்த ஒருவர், அதே பெயரில் ஒன்றை உருவாக்கித் தனக்கில்லாத அனுமதியை அடைந்துவிடலாம். பிர்சான் பேக்கேஜ் பெயரில் செய்ததைத்தான் இங்கே ஆள் பெயரில் செய்யலாம். சுற்றிச் சுற்றி அதே கார்த்திக், இனிஷியல் இல்லாமல்.

தானாகப் போய்ச் சேரும் புதுப் பதிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தருகிறவர்கள் இதை வசதி என்கிறார்கள். பெறுகிறவருக்கு இது, தன் வீட்டுச் சமையலறையில் இன்னொருவர் இரவோடிரவாக அடுப்பை மாற்றிவைப்பது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் காலையில் நன்றி சொல்லலாம். தவறான திருத்தம் என்றால் சமைக்க உட்கார்ந்த பிறகுதான் தெரியும். பதிப்பு எண்ணை மட்டும் எழுதிவைப்பது போதாது. கோப்பின் ஹேஷ் எண்ணையும் சேர்த்துப் பூட்டிவைக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும், நிறுவும் கருவி நின்றுவிடும்.

திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமைக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் லெஃப்ட்-பேட். 2016 மார்ச் 22. கிக் என்ற சாட் கம்பெனி, அதே பெயரில் இருந்த ஒரு பேக்கேஜை விட்டுத்தரச் சொல்லி அஸெர் கோச்சுலு என்ற நிரலாளரோடு மோதியது. என்பிஎம் நிர்வாகம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. கோபத்தில் அவர் தன் பேக்கேஜ்கள் 250-க்கும் மேற்பட்டவற்றைக் கிடங்கிலிருந்து உருவிக்கொண்டார். அதில் ஒன்று, ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பதினோரு வரி நிரல். அதை நம்பியிருந்த பேபெல் உள்படப் பெரிய பெரிய கருவிகளின் பில்ட் உலகம் முழுக்க நின்றது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டுவைத்தது. நினைத்தபோது உருவிக்கொள்ள முடியாதபடி விதியையும் பிறகு இறுக்கியது. பெயர்த் தகராறில் ஆரம்பித்துத் திரும்ப எடுத்துக்கொள்வதில் முடிந்த கதை என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

அது பொதுக்கிடங்கு; ஊர் கூடிக் கத்தியதால் சரியானது. தனிக்கிடங்கில் கத்த ஆள் கிடையாது. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் ஒருவருடனான ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. கேக் வெட்டினோம், நன்றி மடல் வந்தது. மறு செவ்வாய்க்கிழமை, அவர்களுக்குத் துளியும் தொடர்பில்லாத எங்கள் சொந்தத் திட்டம் ஒன்றின் பில்ட் நின்றது. தேதியைக் குறிப்பிட்ட வடிவத்தில் மாற்றித் தரும் சிறிய பேக்கேஜ் ஒன்று அவர்கள் கிடங்கிலிருந்து எப்போதோ எங்கள் திட்டத்துக்குள் நுழைந்திருக்கிறது. டோக்கன் செத்ததும் அதுவும் போனது. பிழைச் செய்தி நேர்மையாக '401', அதாவது அனுமதி இல்லை, என்றது. எங்களுக்குத்தான் அந்தப் பேக்கேஜ் யாருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பெயரில் எந்த அடையாளமும் இல்லை. அவர்கள் மேல் தவறு சொல்ல மாட்டேன். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், அவர்கள் உரிமை. அனுமதியில்லாத சொத்தை எங்கள் சொந்தத் திட்டத்தில் வைத்திருந்தவர்கள் நாங்கள். மேலாளர் அதை ஒரு வாரம் யாரிடமும் பேச வேண்டாம் என்றார்.

இது உரிமச் சட்டத்தைத் தொடும் இடம். ஜிபிஎல் உரிமத்தில் உள்ள திறந்தநிலை நிரலை எடுத்து ஒரு நிறுவனம் தனக்குள் எப்படித் திருத்தினாலும், திருத்திய மூலநிரலை யாருக்கும் தர வேண்டியதில்லை. தன் வாசலைத் தாண்டி இன்னொருவருக்குப் பிரதி கொடுத்த நொடியில், மூலநிரலையும் தரும் கடமை பிறக்கிறது. தனக்காக மட்டுமே வேலை செய்யும் ஒப்பந்ததாரருக்குக் கொடுப்பதற்கு ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு விலக்கு தருகிறது. கூட்டாளி நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. உள்பட்டியலை வெளியாருக்குத் திறக்கும் பொத்தானை அழுத்துகிற பொறியாளருக்கு, அந்த அழுத்தல் சட்டப்படி 'விநியோகம்' ஆகலாம் என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பொத்தானுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் எழுதியிருப்பதில்லை.

இவ்வளவு புகாருக்கு நடுவே, வெவ்வேறு நிறுவனங்கள் பல ஆண்டாகச் சிக்கலில்லாமல் பகிர்ந்துகொள்ளும் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம், ஹேட்ரான் மோதுகலனின் தரவை உலகெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 170 கணினி மையங்களுக்குப் பிரித்தனுப்பி அலசுகிறது. மும்பையின் டாடா ஆராய்ச்சி நிலையமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே மென்பொருள், ஒரே பதிப்பு ஓட வேண்டும். இல்லையென்றால் இங்கே கிடைத்த துகள் அங்கே கிடைக்காது. அதற்காக அவர்கள் உருவாக்கியது செர்ன்விஎம் கோப்பு முறைமை.

அதன் அமைப்பு பழைய ஷேர்க்காரர்களுக்குப் பிடித்திருக்கும். அட்லஸ் பரிசோதனைக்கு ஒரு கிடங்கு, சிஎம்எஸ்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பெயரும் அட்லஸ்-புள்ளி-செர்ன்-புள்ளி-சிஎச் என்று முழு முகவரியாகவே இருக்கும். எழுதும் உரிமை ஒரே இடத்தில். அதை ஸ்ட்ராட்டம் பூஜ்யம் என்கிறார்கள். பிரதிகள் பல நாடுகளில் ஸ்ட்ராட்டம் ஒன்றாக நிற்கின்றன. அதற்கும் கீழே ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் தற்காலிகச் சேமிப்பு. பெறுகிற மையம் வாசிக்கலாம், எழுத முடியாது. உள்ளே கோப்புகள் பெயரால் அடுக்கப்படுவதில்லை. உள்ளடக்கத்தின் ஹேஷ் எண்ணால் அடுக்கப்படுகின்றன. எந்தக் கோப்பு எந்த எண்ணில் என்று சொல்லும் பட்டியலையும் அங்கே 'கேட்டலாக்' என்றே அழைக்கிறார்கள். அதற்குக் கையெழுத்து உண்டு. கையெழுத்திடத் தகுதியானவர் யார் என்ற வெள்ளைப் பட்டியல், வழக்கமாக ஒரு மாதத்தில் காலாவதியாகும்; யாராவது உட்கார்ந்து புதுப்பித்தாக வேண்டும். ரேஷன் கார்டைப் புதுப்பிக்கிற எரிச்சல்தான். ஆனால் அந்த எரிச்சல்தான், போன வருஷம் வேலையை விட்டுப் போனவரின் சாவி இன்றும் செல்லுபடியாகிக்கொண்டிருப்பதைத் தடுக்கிறது.

வாதத்துக்காக ஒன்றைச் சொல்லலாம்: அங்கே பெரும்பாலானது ரகசியமில்லை, வியாபாரப் போட்டி இல்லை, அதனால் எளிது என்று. ஓரளவு உண்மை. ஆனால் அதே முறைமையின் மேல் அடையாளச் சோதனை வைத்து, ஈர்ப்பலை தேடும் லைகோ குழு தன் வெளியிடாத தரவையும் பிற நிறுவனங்களின் கணினிகளுக்கு அனுப்பியிருக்கிறது. ரகசியம் என்பது கூடுதலாக ஒரு பூட்டு. பெயரும் கையெழுத்தும் காலாவதியும் சரியாக இருந்தால் அந்தப் பூட்டை அப்புறம் மாட்டலாம். நம் தொழிலில் பூட்டை மட்டும் மாட்டிவிட்டு, மற்ற மூன்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

அப்புறம் என்பது இப்போது வந்துவிட்டது. 2021 மே மாதத்தில் அமெரிக்க அதிபரின் 14028 எண் உத்தரவு, அரசுக்கு விற்கும் மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. 2024-இல் நம் செர்ட்-இன் அமைப்பும் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது; செபி தன் இணையப் பாதுகாப்பு விதிகளில் பங்குச்சந்தை நிறுவனங்களுக்கு இதைச் சேர்த்தது. ஆகவே மென்பொருள் எழுதித் தரும் நம்மூர்க் கம்பெனிகள், ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று வரிவரியாக எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தணிக்கைக்காரர் முன்னால் 'காமன்-யூட்டில்ஸ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், யாருடையது என்று அவர் கேட்பார்.

அந்தக் கேள்வியை அவருக்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள். இந்த வாரம் ஒருநாள், முதல் நாள் யாரோ அனுப்பி நீங்கள் ஒட்டிக்கொண்ட அந்தச் செட்டிங்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கிடங்கு முகவரி இருந்தால், அதன் கீழே வரும் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பக்கத்தில், இது யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதுங்கள். எழுத முடியாதவற்றைத் தனியாகக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை முதல் வேலையாக அந்த நிறுவனத்தில் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். சாட்டில் கிடக்கும் டோக்கனையும் அப்போதே மாற்றச் சொல்லிவிடுங்கள்.